13 மதிப்பெண்ணும் ஒரு ஏற்காட்டுப் பயணமும்

கேள்வி:

அக்கா, நான் சேலத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்ஸிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வயது 20. ஊர் ஆத்தூர் பக்கம் ஒரு கிராமம். அப்பா மரவள்ளிக் காட்டில் கூலி வேலை, அம்மா சேகோ ஃபேக்டரிக்குப் போகிறார். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம்தான் படித்தேன்.

வகுப்பில் ஒரு புராஜெக்டுக்காகத் தன்மதிப்பை அளக்கும் கேள்வித்தாள் கொடுத்தார்கள். 30க்கு எனக்கு 13 வந்தது. ‘தன்மதிப்பு குறைந்த பெண்கள்தான் சீக்கிரம் வழி தவறிப் போவார்கள்’ என்று மேடம் சொன்னார்கள். எனக்காகவே சொன்னது போல இருந்தது. காரணம், பிசியோதெரபி படிக்கும் ஒருவருடன் ஒன்றரை வருடமாகப் பழகுகிறேன். ஏற்காட்டில் ரூம் எடுத்து ஒரு நாள் தங்கலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். வேண்டாம் என்றால், ‘நர்ஸிங் படிக்கிற பொண்ணு, உனக்குத் தெரியாததா? இன்னும் பட்டிக்காடாவே இருக்கியே’ என்கிறார். ரூம்மேட்டுகளும் அப்படித்தான் கிண்டல் செய்கிறார்கள். போனால் கெட்டவள், போகாவிட்டால் பட்டிக்காடு.

போன மாதம் ஓ.ஜி. வார்டு (மகப்பேறு, மகளிர் நோய்ப் பிரிவு) போஸ்டிங். கல்யாணம் ஆகாத ஒரு பெண் கடையில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு, ரத்தப்போக்கோடு வந்தாள். ஆளாளுக்குத் திட்டினார்கள். நானும் ‘தப்பு பண்ணும்போது தெரியலையா?’ என்று கேட்டுவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். அன்றிலிருந்து சரியாகத் தூக்கம் இல்லை. நாளைக்கு அந்தக் கட்டிலில் நான் இருந்தால்? இந்தப் படிப்பே எனக்குச் சரிப்படாதோ?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் கடைசியாக எழுதிய வார்டு விஷயம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அதற்கு வருகிறேன். அதற்கு முன் அந்த 13ஐப் பேசி முடித்துவிடலாம்.

உங்களுக்குக் கொடுத்தது பெரும்பாலும் ரோசன்பர்க் அளவுகோலாக இருக்கும். மோரிஸ் ரோசன்பர்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் நியூயார்க் மாநிலப் பள்ளி மாணவர்களிடம் கேட்டு உருவாக்கி, 1965ல் வெளியிட்டது. மொத்தம் 10 வாக்கியங்கள். ஐந்து நம்மை உயர்த்திச் சொல்லும், ஐந்து தாழ்த்திச் சொல்லும். பலரைக் கூட்டமாக ஒப்பிட்டுப் பார்க்க நல்ல கருவி. ஒருத்தியைத் தனியாக நிறுத்தி ‘உனக்கு இதுதான் குறை’ என்று முத்திரை குத்துவதற்காக அதை யாரும் உருவாக்கவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. 53 நாடுகளில் இதே கேள்விகளைக் கேட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2005ல் வந்தது. தாழ்த்திச் சொல்லும் அந்த ஐந்து வாக்கியங்களையும் எல்லா நாட்டுக்காரர்களும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை என்று அதில் தெரிந்தது. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. ‘நான் பெருமைப்பட்டுக்கொள்ள என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை’ என்று ஒரு வாக்கியம் இருந்தால், நம் ஊரில் அடக்கமாக வளர்க்கப்பட்ட பெண் யோசிக்காமல் ‘ஆமாம்’ என்று டிக் அடித்துவிட்டுப் போவாள். அந்த இடத்தில் ‘இல்லை’ என்று சொல்வது அவளுக்குத் திமிராகத் தெரியும். உங்கள் 13ல் எவ்வளவு தாழ்வு மனப்பான்மை, எவ்வளவு வளர்ப்பு என்று அந்தத் தாளைப் பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அப்புறம், மேடம் சொன்னது. நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்தக் கருத்து ஆராய்ச்சியில் நிற்கவில்லை. வளரிளம் பருவத்தினரின் தன்மதிப்புக்கும் பாலுறவு பற்றிய நடத்தை, மனப்போக்குக்கும் என்ன தொடர்பு என்று அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்த ஒரு தொகுப்பு 2006ல் வெளிவந்தது. நடத்தை பற்றிய முடிவுகளில் 62 சதவீதத்திலும், மனப்போக்கு பற்றிய முடிவுகளில் 72 சதவீதத்திலும் குறிப்பிடத்தக்க தொடர்பு எதுவுமே தெரியவில்லை. குறைந்த மதிப்பெண் வாங்கியவர் ‘வழி தவறுவார்’ என்றோ, 28 வாங்கியவர் தவறவே மாட்டார் என்றோ சொல்ல அதில் இடமில்லை. அந்த வாக்கியத்தை இதோடு மறந்துவிடுங்கள்.

சரி, அப்படியானால் உங்களுக்கு ஏன் இவ்வளவு தாழ்வாகத் தோன்றுகிறது? சேலம், ஆத்தூர், எடப்பாடி பக்கம் கிராமங்களிலிருந்து வந்து நர்ஸிங், பார்மசி, லேப் டெக்னாலஜி படிக்கும் பிள்ளைகளோடு நிறையப் பேசியிருக்கிறேன். பலர் அந்த வீட்டின் முதல் பட்டதாரி. 12 வருடம் தமிழில் படித்துவிட்டு, முதல் வாரமே அனாடமியை ஆங்கிலத்தில் சந்திக்கிறார்கள். கேஸ் பிரசென்டேஷனில் ஒரு வார்த்தை தடுமாறினால் வகுப்பே திரும்பிப் பார்க்கிறது. வார்டில் நோயாளியின் சொந்தக்காரர்கள் முன்னாலேயே இன்-சார்ஜ் சிஸ்டரிடம் திட்டு. வாங்கிய கல்விக்கடன் ஒரு பக்கம். இதற்கு மேல், ‘நைட் டியூட்டி பார்க்கிற பொண்ணுதானே’ என்று பெண் பார்க்க வருகிறவர்கள் இழுக்கும் ஓர் இழுப்பு இருக்கிறதே, அது. விடிய விடிய விழித்திருந்து உயிரைக் காப்பாற்றுகிறவர்களைப் பற்றித்தான் இந்தப் பேச்சு. எனக்கு இன்றைக்கும் இதை நினைத்தால் கோபம் வருகிறது.

ஜெனிஃபர் கிராக்கர் என்ற உளவியலாளரும் அவரோடு பணியாற்றியவர்களும் இதை வேறு விதமாக அணுகினார்கள். தன்மதிப்பு எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதோடு, அது எதன்மேல் நிற்கிறது என்றும் கேட்டார்கள். கல்லூரி மாணவர்களிடம் 2003ல் அவர்கள் பயன்படுத்திய கேள்வித்தாளில் ஏழு இடங்கள் வரும்: மற்றவர்களின் ஒப்புதல், தோற்றம், போட்டியில் ஜெயிப்பது, படிப்பு, குடும்பத்தின் அன்பு, ஒழுக்கம், கடவுளின் அன்பு. எதன்மேல் நம் மதிப்பைக் கட்டியிருக்கிறோமோ, அங்கே ஓர் அடி விழுந்தால் ஆள் மொத்தமாகச் சாய்கிறோம்.

உங்கள் விஷயத்தில் நடந்திருப்பது இதுதான். உங்களுடைய மொத்த மதிப்பையும் கொண்டுபோய் ஒரே ஆணியில் மாட்டியிருக்கிறார்கள். ஆணோடு போனாளா, போகவில்லையா என்பதுதான் அந்த ஆணி. போனால் உன் மதிப்பு போச்சு என்று ஊரும் ஹாஸ்டலும் சொல்கின்றன. போகாவிட்டால் உனக்கு மதிப்பில்லை என்று அந்தப் பையன் சொல்கிறார். எதிரெதிராகப் பேசுவது போலத் தெரியும். ஆனால் இரண்டு தரப்பும் உங்களை எடை போட வைத்திருப்பது ஒரே விஷயத்தைத்தான். நீங்கள் பிறந்து வளர்ந்தது, தமிழ் மீடியத்திலிருந்து வந்து மூன்றாம் வருடம் வரை பாஸ் செய்தது, ஊசி போடும்போது குழந்தை அழாமல் பேச்சுக் கொடுப்பது, இது எதுவுமே அந்தக் கணக்கில் வரவில்லை, பாருங்கள்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது: ஏற்காடு போவதா வேண்டாமா என்பதை உங்கள் மதிப்பிலிருந்து பிரித்து எடுத்துவிடுங்கள். அது ஒரு முடிவு, அவ்வளவுதான். முடிவு எப்படி எடுப்பது என்று பேசலாம்.

‘உனக்குத் தெரியாததா?’ என்ற அவருடைய கேள்வி தந்திரமானது. இனப்பெருக்க உறுப்புகளின் படத்தை வரையத் தெரிந்திருப்பதும், ஓர் ஆளோடு ஓர் அறைக்குப் போக மனம் இசைவதும் ஒன்றா? ஆண் நோயாளிக்குக் கத்தீட்டர், அதாவது சிறுநீர்க் குழாய், போடத் தெரிந்த பெண்ணுக்குக் காதலனிடம் கூச்சமே இருக்கக்கூடாது என்று எந்தப் பாடத்திலும் இல்லை. படித்ததால் நீங்கள் சம்மதம் சொல்லக் கடமைப்பட்டவர் ஆகிவிடவில்லை. கூச்சம் இருப்பதாலேயே பட்டிக்காடும் ஆகிவிடவில்லை.

அவரிடம் பேசுங்கள். போனில் சாட் வேண்டாம், நேரில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில். ‘எனக்கு உங்களைப் பிடிக்கும். ரூம் எடுத்துத் தங்க எனக்கு இப்போது விருப்பம் இல்லை. இதைத் திரும்பத் திரும்பக் கேட்கக்கூடாது. பட்டிக்காடு என்று சொல்வதும் எனக்கு வலிக்கிறது.’ இவ்வளவு போதும். காரணம் அடுக்காதீர்கள், வீட்டில் தெரிந்துவிடும், பரீட்சை இருக்கிறது என்றெல்லாம் சொல்லாதீர்கள். காரணம் சொன்னால் அதற்குப் பதில் வைத்திருப்பார். அதற்குப் பிறகு வரும் இரண்டு மூன்று வாரங்கள் முக்கியம். முகம் வாடினாலும் சரி என்று ஏற்றுக்கொண்டு வழக்கம் போலப் பழகுகிறாரா? அல்லது பேசாமல் இருந்து தண்டிக்கிறாரா, வேறொரு பெண்ணைச் சொல்லிக் காட்டுகிறாரா, ‘அப்ப என்மேல நம்பிக்கை இல்லையா’ என்று ஆரம்பிக்கிறாரா? அவரை விட்டுவிடுங்கள் என்று ஒரே ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு நான் சொல்ல மாட்டேன். ஆனால் ‘வேண்டாம்’ என்ற ஒரு வார்த்தையைத் தாங்க முடியாதவர் பின்னால் எதைத் தாங்குவார் என்று யோசித்துப் பாருங்கள்.

அவரோடு ஏற்காடு பார்க்க ஆசை இருந்தால் அதையும் தனியாகவே வையுங்கள். காலையில் பஸ் ஏறி, அடிவாரத்திலிருந்து அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் எல்லாம் பார்த்துவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே சேலம் திரும்பிவிடலாம். நான்கு நண்பர்களோடு போனால் இன்னும் நல்லது. திரும்பி வரும் பஸ் காசு உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

இதையெல்லாம் சொல்வதால், பாலுறவே பாவம் என்று நான் நினைப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு 20 வயது. என்றைக்காவது, யாருடனாவது, கல்யாணத்துக்கு முன்னோ பின்னோ, உங்கள் சொந்த விருப்பத்தில் சம்மதிப்பீர்கள். அன்றைக்கு உதவும் சில விஷயங்களைச் சொல்கிறேன். வார்டில் மற்றவர்களுக்குச் சொல்லவும் பயன்படும்.

‘சேஃப் டேஸ்’ கணக்கை நம்பாதீர்கள். 14ஆம் நாள் கருமுட்டை வெளிவரும் என்று பாடத்தில் படிப்பது 28 நாள் சுழற்சிக்கு. ஹாஸ்டல் சாப்பாடு, நைட் டியூட்டி, பரீட்சை டென்ஷன் என்று இருக்கும் பெண்ணுக்குச் சுழற்சி அப்படி ஒழுங்காக வரும் என்று சொல்ல முடியாது. போதாததற்கு, விந்தணு உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். ஆணுறை ஒன்றுதான் கருவையும் தடுத்து, நோய்த்தொற்றையும் பெருமளவு தடுக்கும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகவே தருகிறார்கள். அவசர கருத்தடை மாத்திரை, அதாவது 1.5 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரல், 72 மணி நேரத்துக்குள் போட வேண்டியது. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். ஏற்கெனவே உண்டான கருவை அது கலைக்காது. மாதாமாதம் நம்பியிருக்கும் வழியும் அது இல்லை. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையத்துக்கு யாரும் போகலாம், முடிவை ரகசியமாகவே வைப்பார்கள்.

இன்னொன்று, போலீஸ் பயம். கல்யாணம் ஆகாத இரண்டு பெரியவர்கள் ஹோட்டலில் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை என்று 2019 டிசம்பரில் கோவை வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. போங்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. ‘ரூமில் இருந்ததை வெளியே சொல்லிவிடுவேன்’ என்று யாராவது பணமோ வேறெதுவோ கேட்டால், தப்பு செய்தவர் அவர்தான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். படம் எடுத்து மிரட்டினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஈ பிரிவும், பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவும் இருக்கின்றன. படம் எடுக்கும்போது நீங்களே சம்மதித்திருந்தாலும், அதைப் பரப்ப நீங்கள் சம்மதிக்கவில்லை என்றால் பரப்புவது குற்றம்தான். இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930.

இப்போது அந்த வார்டு.

அந்தப் பெண் ஏன் கடையில் மாத்திரை வாங்கினாள்? 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் 2021ல் திருத்தப்பட்டபோது, கருத்தடை பலிக்காமல் போனது பற்றிய பகுதியில் ‘கணவர்’ என்று இருந்த இடத்தில் ‘துணைவர்’ என்று வந்துவிட்டது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். குறிப்பிட்ட சில நிலைகளில் உள்ள பெண்களுக்கு 24 வாரம் வரை தரும் சலுகையிலும் கல்யாணம் ஆகாத பெண்களை ஒதுக்கக்கூடாது என்று 2022 செப்டம்பர் 29ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 18 வயது நிறைந்தவள் என்றால் அவள் ஒருத்தி கையெழுத்து போதும், அப்பா கையெழுத்தும் வேண்டாம், காதலன் கையெழுத்தும் வேண்டாம். அவள் பெயரை வெளியே சொல்வதே குற்றம். இவ்வளவும் சட்டத்தில் இருக்க, ஒரு பெண் கடைக்காரரிடம் போய் நிற்கிறாள் என்றால், மருத்துவமனையில் என்ன கேட்பார்கள் என்று அவளுக்கு முன்பே தெரியும். நீங்கள் கேட்ட அதே கேள்விதான். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் ரத்தம் போகும் வரை வராமல் இருந்திருப்பாள்.

உங்களை நோகடிக்க இதைச் சொல்லவில்லை. ஏன் கேட்டீர்கள் என்று எனக்குப் புரிகிறது. ‘நர்ஸ் பொண்ணுங்க அப்படி இப்படித்தான்’ என்று ஊர் சந்தேகப்படும் ஒரு தொழிலில் இருப்பவர்கள், நாங்கள் அப்படி இல்லை என்று காட்டிக்கொண்டே இருக்க வேண்டிய நிலையில் தள்ளப்படுகிறார்கள். அதற்குக் கட்டிலில் படுத்திருக்கும் ஒருத்தியைத் திட்டுவது சுலபமான வழி. திட்டுகிறவர் அந்த நிமிடத்துக்கு நல்ல பெண் ஆகிவிடுகிறார். உங்களுக்கு இன்னும் ஒரு காரணம் இருந்தது. ஏற்காடு பற்றிய குழப்பம் உங்கள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அவளிடம் கேட்ட கேள்வி பாதி உங்களையே கேட்டது. அதனால்தான் அவள் பார்த்த பார்வை இன்னும் தூங்க விடவில்லை. உங்களையும் அவளையும் நீங்கள் அளந்தது ஒரே அளவுகோலால். அது ஊர் கொடுத்த அளவுகோல்.

வகுப்பறைகளுக்கும் இதில் பங்கு உண்டு. கன்னித்திரையைப் பார்த்துக் கன்னித்தன்மையைச் சொல்லலாம் என்ற நம்பிக்கை நம் பாடங்களில் வெகுகாலம் இருந்தது. அறிவியலில் அதற்கு ஆதாரம் இல்லை. அது பெண்ணுக்குப் பெண் வேறுபடும், உறவே இல்லாமலும் கிழியும், உறவுக்குப் பிறகு கிழியாமலும் இருக்கும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடம் செய்த இரு விரல் பரிசோதனையை 2022 ஏப்ரலில் நம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நிறுத்தச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபர் 31ல் உச்ச நீதிமன்றம், அதைச் செய்பவர் ஒழுங்கீனக் குற்றவாளி என்றும், மருத்துவப் பாடத்திட்டத்தையே திருத்த வேண்டும் என்றும் சொன்னது. உங்கள் பழைய நோட்ஸில் வேறு மாதிரி எழுதியிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். ஜூனியர்களுக்கும் சொல்லுங்கள்.

1986ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் செல்லப்பன் நிர்மலா என்று ஒரு மாணவி மைக்ரோபயாலஜியில் மேற்படிப்பு படித்தார். பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில், எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்க்க, பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்தத்தைச் சேகரிக்கப் போனார். அந்தப் பேச்சை வெளியில் எடுக்கவே எல்லோரும் தயங்கிய காலம் அது. அந்தப் பெண்களோடு பழகி, பேசி, பிறகுதான் மாதிரிகளை எடுத்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதல்முறை தெரிந்தது அப்படித்தான். ‘தப்பு பண்ணும்போது தெரியலையா’ என்று அவர் ஆரம்பித்திருந்தால் ஒரு சொட்டு ரத்தம்கூடக் கிடைத்திருக்காது.

அடுத்த முறை அப்படி ஒரு பெண் வந்தால் என்ன செய்யலாம்? முதலில் திரையை இழுத்து விடுங்கள். கூட வந்தவர்களை வெளியே அனுப்புங்கள். ‘எத்தனை மாத்திரை, எப்போது போட்டீங்க, எத்தனை பேட் மாத்தினீங்க?’ என்று தேவையானதை மட்டும் கேளுங்கள். ‘நீங்க சொல்றது என்கிட்டயும் டாக்டர்கிட்டயும்தான் இருக்கும்’ என்று ஒரு வார்த்தை. மாணவியாக இருந்தாலும் இவ்வளவையும் உங்களால் செய்ய முடியும். சீனியர் திட்டினால் அங்கே நின்று வாதாட வேண்டாம். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள்.

படிப்பை விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விட வேண்டாம். அன்றைக்கு வார்டில் எத்தனையோ பேர் திட்டினார்கள், உங்களுக்குத்தான் தூக்கம் போனது. அதை உங்கள் குறையாக நான் பார்க்கவில்லை. ஆனால் ஒரு மாதமாகத் தூக்கம் சரியில்லை என்பதைச் சும்மா விடக்கூடாது. கல்லூரியில் கவுன்சலர் இருந்தால் போய்ப் பேசுங்கள். அங்கே பேசினால் வார்டன் காதுக்குப் போகும் என்று பயமாக இருந்தால் 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி-மானஸ் என்ற அரசின் இலவச மனநல சேவை அது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை, படித்தது மனதில் நிற்கவில்லை, உயிரோடு இருந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் காத்திருக்காமல் அன்றைக்கே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய்விடுங்கள், நம்பிக்கையான ஒரு தோழியைக் கூட அழைத்துக்கொண்டு.

அவரிடம் பேசிய பிறகு என்ன ஆனது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா